ஜெகபர் அலியின் வலது கால்

ஜெகபர் அலியின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்று ஸ்ரீரங்கத்து டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். மூன்று விரல்கள் கரிக்கட்டை போல ஆகியிருந்தன. திங்கட்கிழமை வந்து படுத்துவிடச் சொன்னார். காய்ந்தபடியே இருந்தால் அதுவரை பொறுக்கலாம். கசிய ஆரம்பித்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே வந்துவிட வேண்டும். இதையெல்லாம் டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நோயாளி அதற்குள் எழுந்து வாசலில் நிற்கும் மகனின் வேனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாலக்கரையில் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்து, வயதாகும்வரை அந்த வேலையையே செய்தவள் நான். நர்ஸ் இல்லை. இருந்தாலும் தெருவில் எல்லோருக்கும் டெல்பின் சிஸ்டர். ஜெகபர் அலிக்குக் காலையும் மாலையும் இன்சுலின் போடுவதும் காலுக்குக் கட்டு மாற்றுவதும் என் பொறுப்பு.

அவர் லாரி டிரைவர். பதினைந்து வயதில் கிளீனராக ஏறியவர், மீசை வந்ததும் டிரைவரானார். மண்ணச்சநல்லூர் அரிசி ஏற்றிக்கொண்டு கேரளா, வெங்காயம் ஏற்ற நாசிக், திரும்பி வரும்போது எது கிடைக்கிறதோ அது. நடுவில் சவூதிக்குப் போய் டிரெய்லர் ஓட்டினார். ரோடு நேராக இருக்கிறது, தூக்கம் வருகிறது என்று இரண்டு வருடத்தில் திரும்பிவிட்டார். மனைவி மைமூன் பிரசவத்துக்குப் படுத்தபோது அவர் ஹூப்ளியில் இருந்தார். வீட்டில் ஒரு வாரம் இருந்தால் எட்டாம் நாள் காரணமில்லாமல் சண்டை போடுவார். லாரி கேபினில் இன்ஜின் மூடிமேல் கால் நீட்டித் தூங்குவது அவர் பழக்கம். சர்க்கரை முற்றி, பாதத்தில் உணர்ச்சி போன பிறகும் அப்படியே தூங்கியிருக்கிறார். விரல் வெந்தது அவருக்குத் தெரியவில்லை. சாக்ஸைக் கழற்றும்போது தோலும் கூட வந்தபோதுதான் தெரிந்தது.

டாக்டரிடம் அவர் மறுப்பு சொல்லவில்லை. "சரிங்க டாக்டர்" என்றார். வீட்டுக்கு வந்ததும் மகன் அப்துல் அஹதைக் கூப்பிட்டு, வேனில் ஸ்டவ், தார்ப்பாய், அண்டா எல்லாம் ஏற்றச் சொன்னார்.

"அக்காவையும் தம்பியையும் ஒரே எடத்துல உக்கார வச்சுப் பேசணும். மூணு பேரும் ஒண்ணா உக்காந்து எட்டு வருஷமாச்சு. அவங்ககிட்டப் பேசாம காலக் குடுக்க மாட்டேன்."

அக்கா ஹாஜிரா வையம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவர். தம்பி ஆசாத், பச்சைமலையில் மரவள்ளிக்கிழங்கு வாங்கி ஆலைகளுக்கு அனுப்புகிறவர். அறுவடைக் காலத்தில் மலையை விட்டு இறங்குவதில்லை. முதலில் வையம்பட்டி போய் அக்காவை ஏற்றிக்கொள்வது, அங்கிருந்து மலைக்குப் போய் கூடாரம் போட்டுத் தங்குவது, ஞாயிற்றுக்கிழமை திரும்புவது. திட்டம் இதுதான்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கு வேறு விஷயம் தெரியும். மலையில் ஒருவர் பச்சிலை வைத்துக் கட்டுகிறார், கெட்ட விரல் தானாக விழும், கால் நிற்கும் என்று ஆசாத் போனில் சொல்லியிருந்தார். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்கள்; நடுவில் சுவர்தானே, எனக்குக் கேட்டது. பச்சிலைக் கட்டுக்கு உள்ளே அழுகி, ஆளே போனதை நான் பார்த்திருக்கிறேன். இந்தக் காலைக் கொடுக்காவிட்டால் ஜெகபர் அலி பிழைக்க மாட்டார். அதனால் நானும் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

"சிஸ்டர் எதுக்கு? அவங்களுக்கு ரோட்டுல படுத்தெல்லாம் பழக்கமிருக்காது" என்றார்.

"ஆஸ்பத்திரி வராந்தாவுல படுத்த ஆளு பாய் நான். வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

புறப்படும் முன்பு அக்காவுக்குப் போன் செய்து ஒரு வேலை சொன்னார். வெட்டி எடுத்த உறுப்பை ஆஸ்பத்திரியில் விட்டுவர அவர்களுக்கு மனம் ஒப்பாது. வெள்ளைத் துணியில் சுற்றி மண்ணில் அடக்கம் செய்ய வேண்டும். அப்படி ஒருவேளை எடுக்கும்படி ஆனால், அக்கா ஊர் அடக்கத்தலமான மையத்தாங்கொல்லையில் அம்மாவைப் புதைத்த கபருக்குப் பக்கத்தில் காலுக்குக் கொஞ்சம் இடம் கேட்டு வைக்கும்படி சொன்னார். சொல்லி முடித்ததும் போனை அணைத்தார். மகனுடையதையும் வாங்கி அணைத்து டேஷ்போர்டில் போட்டார்.

"லோடு ஏத்தி வண்டி கெளம்பிட்டா போனு கெடையாது. என் சர்வீஸ்ல அதான் ரூலு."

மைமூனின் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. என்னுடையதைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை.

வையம்பட்டிக்கு ஒன்றரை மணி நேரம் போதும். மணப்பாறை தாண்டியதுமே பூட்டிக் கிடந்த ஓர் எடைமேடைக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

"அத்தா, இன்னும் அரை மணி நேரம் போனா குப்பி வீடு" என்றான் அஹத். அத்தையை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"இருட்டுன நேரத்துல போயிக் கதவத் தட்டுனா அவ என்ன நெனைப்பா?"

"மணி நாலுதான் ஆவுது."

"டிரைவர் சொன்னா நிறுத்தணும்."

"டிரைவரு நான்தான்."

தார்ப்பாயை வேனின் கூரையிலிருந்து இழுத்து இரண்டு கழியில் கட்டினார்கள். எப்படிக் கட்டுவது என்று ஜெகபர் அலி நாற்காலியில் உட்கார்ந்தே சொல்ல வேண்டும். அவருக்கு அது முடியவில்லை. வாக்கரைத் தூக்கிக்கொண்டு கயிற்றிடம் போனார், அடுப்பிடம் போனார், டயரை உதைத்துப் பார்க்க இடது காலை ஓங்கி விழப்போனார். நான் பின்னாலேயே நடந்தேன்.

"வயசு காலத்துல லாரில தூங்குனது பத்தாதாங்க?" என்றார் மைமூன், தக்காளியை நறுக்கியபடி. "இப்ப எங்களையும் கூட்டிட்டு வந்து ரோட்டுல படுக்க வைக்கிறீங்க."

"என்ன மட்டும் விட்டுட்டுப் போறீங்கன்னு நீதானே அழுவ? இப்ப கூட்டிட்டு வந்துட்டேன்ல?"

"கல்யாணமான புதுசுல அழுதேன். அதுக்கு இப்பதான் பதில் வருதாக்கும்."

இரவு யாரும் சரியாகத் தூங்கவில்லை. ஒவ்வொரு லாரி போகும்போதும் அவர் எழுந்து உட்கார்ந்து, அது என்ன வண்டி, என்ன லோடு என்று சொன்னார். காலையில் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது.

அக்கா வீட்டுத் தெருவுக்குள் வேன் திரும்பியபோது வாசலில் சாமியானா போட்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் தொப்பி போட்ட ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம்.

ஜெகபர் அலியின் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா" என்றார். வேன் நிற்பதற்கு முன்பே கதவைத் திறந்து, வாக்கர் இல்லாமல், கெட்டுப்போன அந்தக் காலையே ஊன்றி இறங்கினார். நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுந்து பின்வாங்கினார்கள். ஒருவர் கையிலிருந்த தேநீரை அப்படியே கீழே விட்டார்.

"பாய், எங்க அக்காவா? சொல்லுங்க பாய், எப்ப?"

அவர் பிடித்து உலுக்கிய ஆள் அந்த ஊர் மோதினார் பஷீர் அகமது. பாங்கு சொல்வதும், ஊரில் ஒரு மவுத்து, சாவு என்றால் ஒலிபெருக்கியில் அறிவிப்பதும் அவர்தான். பதிலுக்கு அவர் விரலால் ஜெகபர் அலியின் நெஞ்சையே சுட்டிக் காட்டினார்.

சத்தம் கேட்டு ஹாஜிரா வெளியே வந்தார். தலையில் போட்ட துணி நழுவ, ஒரு கணம் நின்றார். அடுத்த கணம் தம்பியின் தோளில், முதுகில், கன்னத்தில் மாறிமாறி அடித்தார்.

"போன எதுக்குடா அணைச்ச? போன எதுக்குடா அணைச்ச, பாவி!"

நடந்தது இதுதான். முந்தின நாள் சாயங்காலம் ஹாஜிரா பள்ளிவாசலுக்குப் போய், ஜெகபருக்கு அம்மா பக்கத்தில் இடம் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மோதினார் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

"இடம் வேணும்னு சொல்லி அழுவுறாங்க. அதுக்கப்புறம் நான் என்னத்தக் கேக்குறது?" என்றார் பஷீர் அகமது. "மைக்குல சொல்லிட்டு, ஜமாஅத் வாட்ஸ்அப்புலயும் போட்டுட்டேன்."

"காலுக்குன்னு ஓடி வந்து சொன்னேனே!"

"நீங்க மனசு தாங்காம பேசுறீங்கன்னு நெனச்சோம் அக்கா."

இல்லை, தம்பி உயிரோடுதான் இருக்கிறான் என்று அக்கா எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். தம்பிக்குப் போன் போட்டால் அணைத்திருக்கிறது. மகனுக்குப் போட்டாலும் அணைத்திருக்கிறது. மைமூன் எடுக்கவில்லை. என் எண் அவரிடம் இல்லை. விடியும்போது அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டார்.

மையத்தாங்கொல்லையில் குழியும் வெட்டியிருந்தார்கள், ஆளளவுக்கு. அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஜெகபர் அலி அடம் பிடித்தார். அம்மாவின் கபருக்குப் பக்கத்தில் ஈர மண் குவிந்திருந்தது. வாக்கரில் சாய்ந்து உள்ளே எட்டிப் பார்த்தார். வெட்டியவர் பக்கத்தில் சங்கடத்தோடு நின்றார்.

"நீளம் பத்தாதே" என்றார் அவரிடம்.

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் வாக்கரின் கைப்பிடியைத் தட்டிக்கொண்டே நின்றார். பிறகு திடீரென்று திரும்பினார். "ஆசாத் எங்க?"

ஆசாத்துக்கும் வாட்ஸ்அப் போயிருந்தது. இரவில் அக்காவிடம் ஒரு முறை பேசியிருக்கிறார். அண்ணன் போனை எடுக்கவில்லை என்று மட்டும்தான் அக்காவால் சொல்ல முடிந்தது, அதற்குள் மலையில் சிக்னல் போய்விட்டது. அதன் பிறகு ஆசாத்தின் போனும் கிடைக்கவில்லை. விடிந்ததும் மலையிலிருந்து கிளம்பி, அண்ணனின் மையத்து, அதாவது உடல், பாலக்கரை வீட்டில்தான் இருக்கும் என்று நினைத்து, அங்கே போய்க்கொண்டிருக்க வேண்டும்.

"வண்டிய எடு. அவன் துறையூர் வழியாத்தான் வருவான். கொள்ளிடத்துக்கு அக்கரையில நம்பர் ஒன் டோல்கேட்டுலயே புடிச்சிடலாம்" என்றார் அஹதிடம். நாங்கள் அக்காவை ஏற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பினோம்.

கிளம்பும் முன்பு கட்டைப் பார்த்தேன். அந்தக் காலை ஊன்றி இறங்கினாரே, மூன்றாவது விரலுக்கு மேலே தோல் விட்டு, நீர் கசிந்திருந்தது. நான் மறைக்கவில்லை. "நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும் பாய்" என்றேன்.

"தம்பியப் பாக்காம வர மாட்டேன்."

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொன்னேன். காய்ச்சல் இல்லையென்றால் சாயங்காலத்துக்குள் கொண்டுவரச் சொன்னார்கள். அவரிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். ஸ்ரீரங்கத்தை விட்டு ஓரடிகூடத் தாண்டக் கூடாது; காய்ச்சல் நூறைத் தாண்டினால் அதன் பிறகு யார் பேச்சும் செல்லாது.

ஸ்ரீரங்கத்தில் பஞ்சக்கரை ரோட்டில், கொள்ளிடத்தின் கரையில் வேனை நிறுத்தினோம். ஆந்திராவிலிருந்து பெருமாள் சேவிக்க வந்த ஒரு பஸ் கூட்டம் பக்கத்தில் புளியோதரை கிளறிக்கொண்டிருந்தது. தார்ப்பாயை அழுத்தி வைக்க எங்களுக்குக் கல் எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டாவது முறையாகத் தார்ப்பாய் கட்டினோம். மைமூன் கறி வேக வைத்தார். அஹதை டோல்கேட்டுக்கு அனுப்பி, துறையூரிலிருந்து வரும் ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறிப் பார்க்கச் சொன்னார் ஜெகபர் அலி. எழுவார், உட்காருவார், ரோட்டைப் பார்ப்பார், ஆற்றைப் பார்ப்பார். அக்கா கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். அப்போதும் இடது கால் பிரேக் தேடுவது போலத் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது.

"சின்ன வயசுலயே இப்படித்தான் சிஸ்டர்" என்றார் ஹாஜிரா. "தொட்டில்ல போட்டா தொட்டிலோட விழுவான். எங்கம்மா கயித்தால கட்டிப் போடும்."

"உன்னக் கட்டுன கதையையும் சொல்லு" என்றார் அவர்.

"என்ன எதுக்குக் கட்டணும்? நான்தான் உங்க ரெண்டு பேரையும் இடுப்புல வச்சிருந்தேன்."

காய்ச்சல் தொண்ணூற்றொன்பது இருந்தது. அரை மணி கழித்துப் பார்த்தபோது இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. என் போன் அடித்தது. பாலக்கரையிலிருந்து என் தங்கை மகள் லிசி.

"பெரியம்மா, பாய் வீட்டு வாசல்ல ஒருத்தர் மண்ணுல உருண்டு அழுவுறாரு. மையத்தக் கொண்டு போயிட்டாங்களான்னு கேக்குறாரு. பாய் நேத்து நல்லாத்தானே போனாருன்னா நம்ப மாட்டேங்குறாரு."

"ஆட்டோ புடிச்சு பஞ்சக்கரைக்கு அனுப்பு" என்றேன்.

ஆசாத் பஸ்ஸில் வரவில்லை. கிழங்கு ஏற்றிய லாரியில் வந்து, டோல்கேட்டைத் தாண்டிப் போயிருந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கியபோது வேட்டியெல்லாம் செம்மண். தார்ப்பாய்க்கு வெளியே நின்று அண்ணனைப் பார்த்தார். உள்ளே வரவில்லை.

"வாடா. கறி ஆறிடும்" என்றார் ஜெகபர் அலி.

"போனு எதுக்கு வச்சிருக்க நீ? பேசுறதுக்கா, அணைச்சு வைக்கிறதுக்கா?" ஆசாத் கத்தினார். "மலையிலேருந்து அழுதுக்கிட்டே வந்தேன். லாரிக்காரன் எனக்காக டீக்குக்கூட நிறுத்தாம வந்தான்."

"எந்த லாரி? யாரு டிரைவரு?"

"அண்ணே!"

"சரி, சரி. உக்காரு."

சஹன் என்று ஒரு பெரிய தாம்பாளம் உண்டு அவர்களிடம். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து அதிலேயே கைவைத்துச் சாப்பிடுவார்கள். மைமூன் அதை மறக்காமல் எடுத்து வந்திருந்தார். சோற்றைக் கொட்டி, கறியை நடுவில் வைத்தார். அக்கா, அண்ணன், தம்பி மூவரும் உட்கார்ந்தார்கள். நான் ஜெகபர் அலியின் பக்கத்துச் சோற்றைக் கொஞ்சம் குறைத்து ஆசாத்தின் பக்கம் தள்ளினேன். முறைத்தார். ஊசியைக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் நல்லபடியாகப் போயிற்று. பிறகு காலை எங்கே அடக்குவது என்ற பேச்சு வந்தது.

"வையம்பட்டிலதான். குழியே வெட்டியாச்சு" என்றார் ஹாஜிரா.

"அவ்வளவு தூரம் எதுக்குக்கா? திருச்சியிலயே அடக்கிடலாம்" என்றார் ஆசாத்.

"அம்மா பக்கத்துல கெடக்கட்டும்டா."

"அண்ணன் வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை போயிப் பாக்கணும்னா?"

"என் காலு இன்னும் என்கிட்டத்தான் இருக்கு" என்றார் ஜெகபர் அலி. "அதுக்குள்ள பங்கு போடாதீங்க." சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். தம்பியைப் பார்த்தார். நான் பயந்த கேள்வி அப்போதுதான் வந்தது. "ஆசாத், நீ சொல்லு. அந்த மலைக்காரரு கட்டுப் போட்டா நிக்கும்னியே. ஆப்பரேஷன் வேணாம்னு நீ ஒரு வார்த்த சொன்னாப் போதும். இப்பவே வண்டியத் திருப்பி மேல போயிடலாம். எல்லாச் சாமானும் வண்டிலதான் இருக்கு."

இதற்காகத்தான் இந்தப் பயணம். இதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றுதான் ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறார். அக்கா வாயைத் திறந்தார். நான் அவர் முழங்கையைத் தொட்டேன். கேட்டது தம்பியிடம், அவரே சொல்லட்டும்.

ஆசாத் கையிலிருந்த சோற்றைத் திரும்பத் தாம்பாளத்தில் வைத்தார்.

"நேத்து வரைக்கும் நானும் அதத்தான் சொன்னேன். இப்பச் சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"மலையில இருந்து எறங்குறப்ப, ரெண்டு காலோட உன்னக் குழில எறக்கப் போறேன்னு நெனச்சுக்கிட்டு வந்தேன். ரெண்டு காலும் முழுசா இருக்கு, அத வச்சு நான் என்ன பண்ண? ஒத்தக் காலோட உக்காந்து நீ என்னத் திட்டுனாப் போதும் எனக்கு. போயி எடுத்துக்க."

"உனக்கென்ன. வண்டி ஓட்டப் போறது நீயா நானா?"

"ஆறு மாசமா நீயா ஓட்டுன? அஹதுதான ஓட்டுறான். அவன் பக்கத்துல உக்காந்து பிரேக்கப் புடி, கியரப் போடுன்னு கத்துறதுக்குக் காலு வேணாம். வாயி போதும்."

மைமூன் சட்டென்று சிரித்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். ஜெகபர் அலி அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அக்காவை. அக்கா கறித்துண்டு ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினார், அவ்வளவுதான். அவர் அதைச் சாப்பிட்டார். மெதுவாகச் சாப்பிட்டார். கையைக் கழுவினார். அந்த இரண்டு நாளில் அவர் கால் ஆடாமல் இருந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"சிஸ்டர், காய்ச்சல் பாருங்க" என்றார்.

நூற்றொன்று. தார்ப்பாயைச் சுருட்டக்கூட நேரம் எடுக்கவில்லை. ஆந்திராக்காரர்கள் எங்கள் அண்டாவையும் அடுப்பையும் பார்த்துக்கொள்வதாகச் சைகை காட்டினார்கள். டோல்கேட்டில் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த அஹதின் போன் டேஷ்போர்டிலேயே கிடந்தது; அவனுக்காகக் காத்திருக்கவில்லை. வேனை ஆசாத் ஓட்டினார். அண்ணன் முன் சீட்டில் உட்கார்ந்து, வேகத்தடைக்கு வேகத்தடை திட்டிக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை எடுத்துவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழேதான்; தாமதித்திருந்தால் தொடை வரை போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். வெள்ளைத் துணியும் கையெழுத்துப் போட்ட ஆஸ்பத்திரிக் காகிதங்களும் நான் முன்பே தயார் செய்திருந்தேன். அக்காவும் தம்பியும் துணியில் சுற்றிய காலை வாங்கிக்கொண்டு அஹதின் வேனில் கிளம்பினார்கள்.

மதியத்துக்கு மேல் ஜெகபர் அலிக்குத் தெளிவு வந்தது. போர்வை தட்டையாக விழுந்திருந்த இடத்தைப் பார்த்தார். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லாத கட்டைவிரல் அரிக்கிறது என்றார். அப்படித்தான் இருக்கும், போகப் போகக் குறையும் என்றேன்.

"ஆசாத் எங்க?"

"வையம்பட்டிக்கு. அக்காவும் போயிருக்காங்க."

"எந்த வழியாப் போறாங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"போன் போடுங்க."

போட்டுக் கொடுத்தேன். "அஹத மெதுவா ஓட்டச் சொல்லு. வளைவுல அக்காவுக்கு வாந்தி வரும்" என்றார். அந்தப் பக்கம் அக்கா தனக்கு ஒன்றுமில்லை என்று கத்துவதும், ஆசாத் சமாதானம் சொல்வதும் எனக்கே கேட்டது. இவர் வைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அவர்கள் சண்டை போடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். டிரிப்ஸ் ஏறுகிற கையால் போனைப் பிடித்திருந்ததால் சொட்டு நின்றுவிட்டது. போனை வாங்கி மறு கையில் வைத்துவிட்டு, சொட்டைச் சரிசெய்தேன்.